பழைய கேரவனின் குளியலறைத் தரை

பழைய கேரவன் வாங்க வருகிறவர்கள் ஏசியைப் போட்டுப் பார்ப்பார்கள், மெத்தையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், வெளியே போய் டயரை ஒரு உதை உதைப்பார்கள். குளியலறைக்குள் தலையை மட்டும் நீட்டி, வாடை அடிக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. உள்ளே ஏறி கம்மோடுக்கு முன்னால் நின்று, குதிகாலில் முழு எடையையும் போட்டு அமுக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. என் மச்சினன் வாங்கிய வண்டியில் அந்த இடம் அமுங்கியது. அமுங்கிவிட்டு மெதுவாக மேலே வந்தது.

வண்டி காரோ ஜீப்போ இழுத்துப் போகும் டிரெய்லர் வகை. பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்புகளுக்கு வாடகைக்கு ஓடிவிட்டு, அப்புறம் ஒரு ஷெட்டுக்குப் பின்னால் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்ததிலிருந்து மச்சினனுக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று ஆசை. கேரள எல்லையில் இருக்கும் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி முதலமடையில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. மற்ற ஊர்களில் காய் வருவதற்கு முன்பே அங்கே பறிப்பு தொடங்கிவிடும் என்பதால் அந்த மாதங்களில் யாராவது தோப்பிலேயே தங்க வேண்டும். கேரவன் அதற்கும் ஆகும், சும்மா இருக்கும் மாதங்களில் விருந்தினருக்கும் ஆகும் என்பது அவன் கணக்கு.

தரைக்கும் அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. "மச்சான், மேல ஒரு பிளைவுட்ட அடிச்சு வினைல் ஷீட்ட ஒட்டி விட்டா முடிஞ்சுதுங்க." முன்பு வைத்திருந்தவருக்கும் இதே யோசனைதான் வந்திருக்கிறது. பழுப்பு வினைலை உரித்தால் 6 மில்லி பிளைவுட், அதற்குக் கீழே இன்னொரு வினைல், அதற்கும் கீழேதான் அசல் தரை. இரண்டு வினைலுக்கு நடுவே சிக்கிய பலகைக்கு ஈரம் ஆவியாகிப் போக வழியே கிடையாது. ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்தேன். அழுத்தவே தேவைப்படவில்லை, பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது நனைந்து காய்ந்த கணக்கு நோட்டு மாதிரி தாள் தாளாகக் கையோடு வந்தது. மழைக்காலத்து விறகுக் கட்டையில் வரும் காளான் வாடை. ஸ்க்ரூக்களின் தலை துருவில் கரைந்து, வெறும் தண்டு மட்டும் நின்றது.

தோப்பில் நிற்கும் வண்டி என்பதால் பார்த்தவர்களெல்லாம் கரையான் என்றார்கள். கரையான் என்றால் மண் இருக்கும். அரித்த பாதையெல்லாம் மண் பூசியிருக்கும். மண்ணே இல்லாமல், மரம் பழுப்பாகிக் குறுக்கும் நெடுக்கும் வெடித்துச் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பொடிந்தால் அது பூஞ்சையின் வேலை. எங்கள் வண்டியில் பூஞ்சைதான். இதைப் பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம். கரையான் என்று நினைத்தால் மருந்து வாங்க ஓடுவோம். பூஞ்சைக்கு முதல் மருந்து தண்ணீரை நிறுத்துவது. மரத்தின் ஈரம் ஏறக்குறைய 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. அதற்கு மேலே இருந்தால் என்ன அடித்தாலும் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான்.

அதனால் ரம்பத்தைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். மச்சினனுக்கு இது பொறுக்கவில்லை. பலகையை வெட்டி எறிவது வேலை மாதிரி தெரியும்; டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பது வேலை மாதிரி தெரியாது. ஆனால் மொத்த ரிப்பேரில் பாதி இதுதான் என்பேன்.

முதலில் சாக்பீஸால் தரையில் ஒரு வரைபடம் போட்டேன். கை நீளத்துக்கு ஒரு இடமாகக் குத்தூசியால் குத்திப் பார்த்து, கெட்டியான இடத்தில் கோடு, இறங்கும் இடத்தில் பெருக்கல் குறி. மக்கிய இடத்தின் உருவமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தண்ணீர் போகும் ஓட்டையையோ கம்மோடையோ சுற்றி வட்டமாக மக்கியிருந்தால் கோளாறு அந்த இணைப்பில். வெளிச்சுவர் ஓரமாக நீளப் பட்டையாக மக்கியிருந்தால் தண்ணீர் வெளியிலிருந்து, கூரை அல்லது ஜன்னல் வழியாகச் சுவருக்குள் இறங்கி வருகிறது. எங்கள் வரைபடத்தில் இரண்டும் இருந்தன. ஷவருக்குக் கீழே ஒரு வட்டம், மேற்குச் சுவர் ஓரம் ஒரு பட்டை, நடுவில் இரண்டும் சேர்ந்துகொண்ட இடம்தான் குதிகாலுக்கு அமுங்கியது.

வட்டத்துக்குச் சொட்டு நீலம் போதும். துணிக்குப் போடுகிற அதே நீலம்தான். ஷவர் தட்டின் ஓட்டையை அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி நீலம் கலந்து, மட்டத்தைப் பென்சிலால் குறித்து வைத்தோம். மட்டம் இறங்கவில்லை, தட்டில் விரிசல் இல்லை என்று அர்த்தம். அப்புறம் அடைப்பை எடுத்துவிட்டு மச்சினனைத் தட்டில் ஏறி நிற்கச் சொன்னேன். அவன் ஏறிய உடனே தட்டுக்கு அடியில், ஓட்டையைப் பைப்போடு இணைக்கிற வேஸ்ட் கப்ளிங்கைச் சுற்றி நீலச் சொட்டு கோத்து விழுந்தது. இறங்கினான், நின்றுவிட்டது. ஏறினான், மறுபடி சொட்டியது. ஆள் நிற்காமல் சோதித்திருந்தால் ஒரு நாள் முழுக்க ஊற்றினாலும் தெரிந்திருக்காது. தட்டுக்கு அடியில் தாங்கு எதுவும் இல்லை. மிதிக்கும்போதெல்லாம் பள்ளமாகி, கப்ளிங்கின் ரப்பர் வளையத்தைப் பிசைந்து பிசைந்தே தளர்த்திவிட்டிருக்கிறது.

பட்டைக்குத் தோட்டத்து ஓஸ். கீழிருந்து மேலே போக வேண்டும் என்பதுதான் இதில் விதி. முதலிலேயே கூரையில் பீய்ச்சினால் எல்லாமே நனைந்து எது ஓட்டை என்று தெரியாமல் போகும். சக்கர மேல்மூடியில் கொஞ்ச நேரம், பிறகு பக்கவாட்டு மோல்டிங், பிறகு ஜன்னல், கடைசியில் கூரை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்க, ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க வேண்டும். ஜன்னல் வரை ஒன்றும் இல்லை. ஜன்னலின் மேல் மூலையில் பீய்ச்சியதும் சுவர்ப் பலகைக்குக் கீழே கசிவு கோடு போட்டது. சட்டத்துக்குப் பின்னால் இடைவெளியை அடைத்திருந்த பழைய மாஸ்டிக் பசை காய்ந்து சுருங்கி, தனித்தனித் துண்டாகக் கிடந்தது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஜூன் மாத மழை இங்கே மேலிருந்து கீழே விழுவதில்லை, மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. மேற்கே பார்த்து நிறுத்திய ஜன்னலின் மேல் விளிம்பில் ஒரு மில்லி இடைவெளி இருந்தாலே போதும். வண்டியை நிறுத்தும் திசையை இப்போது மாற்றிவிட்டோம். கொக்கி இருக்கும் முன்பக்கம் மேற்கே பார்க்கிறது. அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் கொல்லங்கோட்டு ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "அடியைத் தொறந்தோ?" என்று கேட்டார். திறக்கவில்லை. வண்டிக்கு அடியில் கல்லும் சேறும் தெறிக்காமலிருக்கத் தகடு அடித்திருந்தார்கள். அதன் ஸ்க்ரூக்களை அவர் கழற்றக் கழற்ற, தகட்டின் பள்ளத்தில் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் அவர் தோளில் கொட்டியது. தகடு வெளித் தண்ணீரைத் தடுத்தது உண்மைதான். உள்ளே சொட்டியதையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு பலகையை அடியிலிருந்தே ஊற வைத்திருக்கிறது. திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் விரல் நுழையும் அளவு துளை போட்டுக் கொசுவலைக் கம்பி வைத்தோம்.

வெட்டுவதற்கு முன் சில காரியங்கள் இருக்கின்றன. கழிவுத் தொட்டியைக் காலி செய்து நன்றாக அலசிவிட வேண்டும். அதில் தங்கும் வாயு விஷம், தீப்பிடிக்கவும் செய்யும். கிரைண்டர் பொறியை அதன் பக்கத்தில் கொண்டு போகக் கூடாது. தரைக்கு அடியில் 12 வோல்ட் ஒயரும் 230 வோல்ட் ஒயரும் ஓடும் பாதையைக் கீழிருந்து பார்த்துக் குறித்துக்கொண்டு, வெளி மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும். வுட் கட்டரின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்கு மட்டும் வைக்க வேண்டும். அசல் தரை 18 மில்லி. ஆசாரி 18லேயே வைத்தார், ஒரு நூல் கூட அதிகம் இல்லை.

எவ்வளவு தூரம் வெட்டுவது என்பதில் கஞ்சத்தனம் கூடாது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பலகையிலும் பூஞ்சையின் நூல் ஓடியிருக்கும். மக்கிய விளிம்பிலிருந்து அரை அடி தள்ளி, அதையும் தாண்டி அடுத்த இரும்புச் சட்டம் எங்கே வருகிறதோ அதன் நடுக்கோடு வரை போனோம். புதுப் பலகையின் எந்த விளிம்பும் அந்தரத்தில் தொங்கக் கூடாது. தொங்கினால் ஓட்டத்தில் அது தனியாக ஆடும், மேலே போட்ட எந்தப் பூச்சும் அந்தக் கோட்டில் வெடிக்கும். சுவர்ப் பலகை தரையின் மேல்தான் நிற்கிறது என்பதால் மேற்கு ஓரத்தில் சுவரை ரீப்பர் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, அடியில் இருந்ததை உளியால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. நேரத்தைத் தின்ற வேலை அது.

ஒரு குறுக்குச் சட்டம் துருப்பிடித்து அடை அடையாக உதிர்ந்தது. அதை வெட்டிவிட்டு 40 மில்லி ஆங்கிள் வைத்து வெல்டிங். ஷவருக்கு நேர் கீழே கூடுதலாக இரண்டு ஆங்கிள். வெல்டிங் பக்கத்தில் தெர்மகோல் இருந்தால் முதலில் அதைப் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். அது பொறிக்குக் காத்திருக்கும் சாமான். துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு இரண்டு கோட்.

அப்புறம் ஒன்றும் செய்யாமல் காயவிட்டோம். மார்ச் மாதத்துப் பாலக்காட்டு வெயில், கூடவே ஒரு டேபிள் ஃபேன். காய்ந்ததா என்று பார்க்க, ஈரம் அளக்கும் மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. மீதமுள்ள பழைய பலகையின் மேல் ஒரு பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி விட்டுவிட வேண்டும். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்ப்பது நிற்கும்வரை அடுத்த வேலைக்குப் போகவில்லை.

மிச்சமிருந்த பழைய பலகையின் வெட்டு விளிம்புகளுக்குப் போராக்ஸும் போரிக் ஆசிடும் வெந்நீரில் கரைத்து அடித்தார் ஆசாரி. கேரளத்தில் ரப்பர் மரத்தைக் கட்டில் மேசையாக்குகிற பட்டறைகளில் இதே கரைசலில்தான் மரத்தை ஊறவைப்பார்கள். வெட்டிய ரப்பர் மரம் அதில்லாமல் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் சீக்கிரம் இரையாகிவிடும். ஒரு குறை: தண்ணீர் பட்டால் இந்த உப்பு கரைந்து வெளியேறிவிடும். அதனால் அடித்துக் காயவைத்து, மேலே நீர்புகாத பூச்சால் மூடியே ஆக வேண்டும்.

பிளைவுட் வாங்குவதில்தான் ஏமாற்று அதிகம். பெரும்பாவூர் பக்கத்திலிருந்து வரும் சரக்கில் நல்லதும் உண்டு, வாட்டர் புரூஃப் என்று சும்மா முத்திரை குத்தியதும் உண்டு. குளியலறைத் தரைக்கு வேண்டியது ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட மரைன் பிளை. ஐஎஸ் 303 என்று இருந்தால் அது பொது உபயோகச் சரக்கு. அலமாரிக்கு ஆகும், இதற்கு வேண்டாம். 710இல் அடுக்குகளை ஒட்டுவது பீனால் பசை. தரச் சோதனையில் 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது. கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து வீட்டு அடுப்பில் சில மணி நேரம் வேகவைத்தாலே மட்டமான சரக்கு பிளந்துகொள்ளும். என் மனைவி இதற்குப் பழைய குக்கரைத்தான் கொடுத்தாள், அதுவும் திட்டிக்கொண்டே. ஆனால் ஒன்று: மரைன் பிளையில் தாங்குவது பசைதான். உள்ளே இருப்பது மரம். வெட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீர் குடித்தால் மரைன் பிளையும் ஒரு நாள் மக்கும்.

அதனால் பலகையை அளவுக்கு வெட்டி, எல்லா ஓட்டையும் போட்ட பிறகு, ஆறு முகத்துக்கும் எபாக்சி, அதாவது கலந்து பூசினால் கெட்டியாக இறுகும் பிசின். முகப்புக்கு இரண்டு கோட், விளிம்புக்கு உறிஞ்சுவது நிற்கும் வரை. ஸ்க்ரூ துளைகளுக்குப் படகு கட்டுகிறவர்களின் முறை ஒன்று உண்டு. வேண்டியதைவிடப் பெரிதாகத் துளைத்து, அதை எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளைக்க வேண்டும். அப்போது ஸ்க்ரூ மரத்தையே தொடாது. துருப்பிடிக்காத எஸ்எஸ் ஸ்க்ரூதான், ஒவ்வொன்றையும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்டில் தோய்த்து. பழைய பலகைக்கும் புதியதற்கும் நடுவில் 3 மில்லி இடைவெளி விட்டு, அதையும் அதே சீலன்ட்டால் நிரப்பினோம்.

இந்த நேரத்தில் டைல்ஸ் பேச்சு கிளம்பியது. வீட்டு வேலைக்கு வரும் கொத்தனார் வேடிக்கை பார்க்க வந்தவர், "ஏனுங்ணா, ரெண்டு சட்டி கலவை போட்டு டைல்ஸ் பதிச்சுட்டா ஆயுசுக்கும் நிக்குமே" என்றார். வீட்டில் நிற்கும். எங்கள் குளியலறை 12 சதுர அடி. ஒரு அங்குலக் கலவை என்றாலே 55 கிலோவுக்குப் பக்கம், டைல் இன்னொரு 18 கிலோ. அத்தனையும் சக்கரத்துக்கு ஒரு பக்கமாக. எடையைக்கூட விட்டுவிடலாம், வண்டி முறுகும். ஒரு சக்கரம் வேகத்தடையில் ஏறி மற்றது கீழே இருக்கும் ஒவ்வொரு தடவையும் சட்டம் கொஞ்சம் திருகித்தான் திரும்பும். கலவைக்கு வளையத் தெரியாது. கோவிந்தாபுரத்திலிருந்து தோப்பு வரை வருவதற்குள் மயிரிழை விரிசல் விட்டிருக்கும், தண்ணீருக்கு அது போதும். வண்டிக்கு வளைகிற சாமான்தான் வேண்டும்.

ஆகவே ஃபைபர், அதாவது கண்ணாடி இழை மேட்டை ரெசின் என்ற பிசினில் நனைத்து ஒட்டும் முறை. பொள்ளாச்சியில் தண்ணீர்த் தொட்டியும் வேன் பம்பரும் ஒட்டிக் கொடுக்கிற அண்ணன் ஒருவர் வந்து இடத்திலேயே செய்து கொடுத்தார். பழைய ஷவர் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பலகையின் மேலேயே தொட்டி மாதிரி, நாலு பக்கச் சுவரிலும் நாலு அங்குலம் ஏற்றி. தரையும் சுவரும் சேரும் மூலையில் முதலில் ரெசினில் டால்கம் பவுடர் குழைத்து ஒரு வளைவு கொடுத்தார். ஃபைபர் மேட் செங்குத்தாக மடங்காது, மடக்கினால் பின்னால் காற்று நின்று பொந்தாகிவிடும். வளைவு காய்ந்ததும் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் இரண்டு அடுக்கு, பிரஷ்ஷால் குத்திக் குத்தி வெள்ளைப் புள்ளி இல்லாமல். வெள்ளைப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் ரெசின் போகாத இடம்.

வெயில் காலத்தில் ரெசின் வேகமாக இறுகும். அண்ணன் விடிகாலையில் ஆரம்பித்து, அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் கலக்கினார். இதைத் தானே செய்ய நினைப்பவர்கள் ஒன்றை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுசாகக் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். துணியைக் கட்டிக்கொண்டால் புகை நிற்காது, கெமிக்கல் ஃபில்டர் வைத்த மாஸ்க் வேண்டும். கடைசிப் பூச்சில் கொஞ்சம் மெழுகுக் கரைசல் கலந்தார். இல்லாவிட்டால் காற்றுப் படும் மேல்பரப்பு பிசுபிசுவென்றே இருந்துவிடும். அது ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவிவிட்டதால் சோப்புக் காலுக்கும் வழுக்குவதில்லை. பார்க்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று மச்சினன் சொல்கிறான். இருக்கட்டும்.

வாட்டம் கொடுப்பதுதான் எனக்குக் கொஞ்சம் தலைவலியாக இருந்தது. வீட்டில் ஒரு மூலைக்குச் சாய்த்தால் காலத்துக்கும் அங்கேதான் ஓடும். வண்டி எந்த மேட்டில் எப்படி நிற்கும் என்று யார் கண்டது? ரசமட்டம் வைத்து வண்டியைச் சமமாக நிறுத்திவிட்டு, ஓட்டையை நடுவில் கொண்டு வந்து, நாலு பக்கத்திலிருந்தும் அடிக்குக் கால் அங்குலம் என்று தாராளமாகவே சாய்த்தோம். கப்ளிங்கிலிருந்து தொட்டிக்குப் போகும் பைப்பில் ஒரு சாண் அளவுக்கு வளையும் ஓஸ் வைத்திருக்கிறோம். தரை ஒரு பக்கம் ஆட, தொட்டி ஒரு பக்கம் ஆட, நடுவில் கெட்டி பிவிசி இருந்தால் மறுபடி கப்ளிங்தான் அடி வாங்கும். கம்மோடின் போல்ட்டைக் கைக்கு இறுகியதும் கால் திருப்போடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் ரப்பர் பிதுங்கும், அடிப்பாகம் வெடிக்கும்.

செலவைக் கேட்பவர்களுக்கு: மரைன் பிளை 18 மில்லி சதுர அடி நூறு ரூபாய்க்கு மேல், எட்டுக்கு நாலு ஷீட்டாகத்தான் தருவார்கள். மிச்சத் துண்டில் சமையல் மேடைக்கு அடியில் ஒரு பலகை மாற்றிக்கொண்டோம். ஃபைபர் கூலிதான் பெரிய தொகை. மாஸ்டிக்கைச் சுரண்டிவிட்டு ஜன்னலுக்குப் புது பியூட்டைல் டேப் ஒட்டியது எல்லாவற்றிலும் மலிவு, முன்பு வைத்திருந்தவர் அதை மட்டும் அப்போதே செய்திருந்தால் மேற்குப் பக்கம் கைவைக்கவே தேவையிருந்திருக்காது.

இப்போது நீண்ட தூரம் இழுத்துப் போய் வந்தால் மறுநாள் அடித் தகட்டின் துளைகளைத் தடவிப் பார்க்கிறேன். மே கடைசியில், மழைக்கு முன்னால், ஜன்னல், கூரை வென்ட் எல்லாவற்றின் சீலன்ட்டையும் நகத்தால் சுரண்டிப் பார்ப்பது ஒரு வேலை. நகத்தோடு வந்தால் அந்த நீளத்தை உரித்துப் புதிதாகப் போட வேண்டும். மேலேயே இன்னொரு கோடு இழுப்பதில் பயனில்லை. மச்சினன் இப்போது வாஷ்பேசினுக்கு வெந்நீர் லைன் வேண்டும் என்கிறான். பைப் வரட்டும், புதுத் தரையில் துளை மட்டும் போடக் கூடாது, சுவர் வழியாகக் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.